‘ஓடுமாம்’ என்றதை ‘ஓடும்’ என்று எழுதினோம்: ஒரு ரயில்வே கீமேனின் நினைவுகளைப் பதிவுசெய்தபோது நேர்ந்தது

பின்னணி

வேலூர்ப் பகுதியில் ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து வைக்கும் வேலையை 2022-ல் தொடங்கினேன். நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். என்னிடம் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் மூன்று பேர் உடன் இருந்தார்கள். காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருவதுதான் எங்கள் அவசரத்துக்குக் காரணம்.

அந்தப் பாதை 1890-களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது. காட்பாடியில் புறப்பட்டு, பாலாற்றைத் தாண்டி, வேலூர் டவுன், கண்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர். காட்பாடியில் வந்து சேரும் சென்னை–ஜோலார்பேட்டை அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். ஒரு பாதையின் பெட்டி இன்னொரு பாதையில் ஏறாது. அதனால் சரக்கையெல்லாம் காட்பாடியில் ஆள் வைத்து இறக்கி ஏற்றினார்கள். 2010-ல் இதே தடத்தில் அகலப்பாதை திறக்கப்பட்டது. ஊர்களும் மலைகளும் பாலங்களின் இடமும் அப்படியேதான் இருக்கின்றன. மீட்டர் கேஜும் அதைச் சுற்றி இருந்த வேலைகளும் போய்விட்டன.

நாங்கள் பதிவுசெய்த ஒருவருடைய விஷயத்தில் ஒரு தவறு செய்தோம். அது ஒரு முதியவரை ஊரார் முன் தலைகுனிய வைத்தது. இதுபோன்ற பதிவுகளைச் செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பெரியவரும் அவர் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர் எதுவும் சொல்லவில்லை.

பெரியவர்

பணிப்பதிவேட்டின்படி அவர் 1946-ல் பிறந்தவர். அவருடைய அப்பாவும் கேங்மேன், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் குழுவில் ஒருவர். கண்ணமங்கலம் பக்கம் கேங் குவார்ட்டர்ஸில் வளர்ந்தார். 1967-ல் கேஷுவல் கூலியாகச் சேர்ந்து, கேங்மேனாகி, பிறகு கீமேனாக நெடுங்காலம் இருந்து 2006-ல் ஓய்வுபெற்றார்.

கீமேன் என்றால் என்ன வேலை என்று இன்று பலருக்குத் தெரியாது. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்புக்குக் ‘கீ’ என்று பெயர். வண்டி ஓட ஓட அது தளரும். தன் பங்குக்கு விடப்பட்ட ஐந்தாறு கிலோமீட்டரை கீமேன் தினமும் நடந்து, தளர்ந்த கீயை அடித்து ஏற்ற வேண்டும், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டின் போல்ட்டை முறுக்க வேண்டும், விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், பையில் சிவப்புக் கொடியும் பட்டாசும் இருக்கும். பட்டாசு என்று அவர்கள் சொல்வது, தண்டவாளத்தின் மேல் கட்டி வைத்தால் இன்ஜின் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் தட்டையான டப்பாவை.

முதல் இரண்டு அமர்வுகள்

முதல் அமர்வு மகன் வீட்டு மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஃபேன், மேசையில் செல்போன். கையில் இருபது கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். “வேலை கஷ்டந்தான் டீச்சர். செஞ்சோம்.” “ஆபீசருங்க நல்லவங்க.” இப்படியே முக்கால் மணி நேரம் போனது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மகன் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பென்ஷன் சம்பந்தமாக யாரோ விசாரிக்க வந்திருப்பதாக நினைத்தார் என்று மருமகள் பிறகு சொன்னார்.

இரண்டாவது அமர்வும் அப்படியே முடிந்தது. வழியனுப்ப எங்களோடு படியிறங்கி வந்தவர், பாதிப் படியில் நின்றார். கைத்தடியால் மாடிப்படியின் இரும்புக் கம்பியை இரண்டு இடத்தில் தட்டினார். ஒரு இடத்தில் ‘டிங்’ என்று கேட்டது. அடுத்த இடத்தில் சத்தம் அடங்கி ‘டொக்’ என்றது.

“இது லூசு,” என்றார்.

குனிந்து பார்த்தேன். அந்த இடத்தில் திருகாணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. “எப்பிடித் தாத்தா தெரிஞ்சுது?” என்று மாணவி கேட்டாள். “முப்பது வருசம் இதே சத்தத்தைத்தானே கேட்டுகினு நடந்தேன்!” என்று அங்கேயே படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். செல்போனை எடுத்துப் பதிவுசெய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கண்ணமங்கலத்தில் நடந்தது

அன்று ஒரு முடிவு எடுத்தோம். இனி அறையில் உட்கார வேண்டாம். அவர் உடம்பு வேலையை நினைவு வைத்திருக்கிறது, கேள்வியை விட இடமும் சத்தமும்தான் அவரைப் பேச வைக்கின்றன என்று தெரிந்தது. கண்ணமங்கலத்துக்கு அழைத்துப் போனோம். தண்டவாளத்தில் நடப்பது குற்றம், ஆபத்தும்கூட. அதனால் பாதையை ஒட்டிய சாலையிலும் கேட் அருகிலும் பிளாட்பாரத்திலும் மட்டும் நடப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

போகும்போது அவர் பார்வை முழுக்க இந்தப் பக்கத் தண்டவாளத்திலேயே இருந்தது. திரும்பும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கேட்டபோதுதான் சொன்னார்: போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது மற்றொன்று, அதுதான் கீமேன் முறை. ஓய்வுபெற்றுப் பதினாறு வருடம் கழித்தும் கண் அதை விடவில்லை.

இரண்டு மணி நேரம் தடையில்லாமல் பேசினார். ஒரு மார்கழி விடியலில் தண்டவாளம் வெடித்திருந்ததைக் கண்ட கதையை அங்கேதான் சொன்னார். குளிரில் இரும்பு சுருங்கும்போது பலவீனமான இடம் விட்டுவிடும். “விரல் நுழையற அளவுக்கு வாயைப் பொளந்துகினு இருந்துச்சு. போளூர் பக்கத்துலேர்ந்து பாசஞ்சர் வர்ற நேரம். நான் கொடியைப் பிரிச்சுகினே ஓடுனேன். நானூறு மீட்டர்ல ஒரு பட்டாசு. எண்ணூறுல மூணு, பத்துப் பத்து மீட்டர் தள்ளி. கை நடுங்குது, கட்டவே வரல. மூணாவதைக் கட்டி முடிக்கச்சே புகை தெரிஞ்சுது.” வண்டி நின்றது. “டிரைவர் எறங்கி வந்து ஒரு பீடி குடுத்தாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

மீட்டர் கேஜில் பட்டாசு வைக்க வேண்டிய தூரம் விதிப்படி அதுவேதான். அவர் சொன்னதில் ஓர் எண்கூடப் பிசகவில்லை. அதனால் அவருடைய நினைவின் மீது எங்களுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. பின்னால் செய்த தவறுக்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

சின்ன ரயில்

மூன்றாம், நான்காம் அமர்வுகளில் அவராகவே ‘சின்ன ரயில்’ பற்றிப் பேசினார். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய சிறு பாதை அது. இன்றைய தலைமுறைக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. 1876–78 பெரும் பஞ்சத்தில் சேலம், வட ஆற்காடு பகுதிகள் பட்ட பாட்டுக்குப் பிறகு, தானியம் போய்ச் சேராத இடங்களுக்கு ரயில் வேண்டும் என்ற எண்ணத்தில் அரசு போட்ட பஞ்சகாலப் பாதைகளில் ஒன்று. இரண்டரை அடி அகலம், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம். 1905-ல் திறந்தது. அடுத்த ஆண்டில் மொரப்பூர்–தருமபுரி பாதையும் அதே அகலத்தில் வந்து, பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டையும் பின்னாளில் நடத்தியது தென்னிந்திய ரயில்வேதான். லாரியும் பஸ்ஸும் பெருகிய காலத்தில் வருமானம் குறைந்து, 1940-களின் தொடக்கத்துக்குள் இரண்டும் மூடப்பட்டன.

பெரியவர் பேசியதை மாணவி தட்டச்சு செய்து கொடுத்தாள். அதில் இப்படி இருந்தது:

“சின்ன ரயில் மெதுவாகத்தான் ஓடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் நாங்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடப்போம். கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிடுமாறு உத்தரவு வந்தது. போட்டவர்கள் கையாலேயே பெயர்த்தோம்.”

படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தான் பராமரித்த பாதையைத் தானே பெயர்த்தெடுத்த ஒரு தொழிலாளியின் வாய்மொழி நம் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த மகிழ்ச்சியில், 1946-ல் பிறந்தவர் இதை எப்படிச் செய்திருக்க முடியும் என்று கணக்குப் போடவில்லை. ஆண்டுகளை வகுப்பில் நடத்துகிற நான் அதைச் செய்யாதது மன்னிக்கக்கூடிய கவனக்குறைவு இல்லை. அவர் பிறந்த வருடம் வேறு ஒரு தாளில் இருந்தது, பாதை மூடிய காலம் வேறு ஒரு நோட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் முனையவில்லை.

பலகை முன்னால்

ஒரு பள்ளியில் நடந்த உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சியில் இந்த வரிகளைப் பலகையாக வைத்தோம். மேலே பெரியவரின் படம். ‘திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி சின்ன ரயிலில் சிறுவயதில் உழைத்தவர்’ என்று நாங்களே ஒரு வரியும் சேர்த்திருந்தோம். வெள்ளை வேட்டி சட்டையில், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பலகையை அவரால் படிக்க முடியவில்லை, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பார்க்க வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். பலகையைப் படித்துவிட்டு, எல்லாரும் கேட்கும்படி பெரியவரிடம், “ஐயா, நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?” என்று கேட்டார். சொன்னார். “அப்ப அந்த லைனே கிடையாதே! நீங்க எப்பிடிப் பேத்தீங்க?”

பெரியவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்தார். “நான் பேத்தேன்னு சொல்லலியே டீச்சர்,” என்றார். பக்கத்தில் இருந்த யாரோ சிரித்தார்கள். பேரன் தாத்தா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மகன் வந்து அழைத்துப் போய்விட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டதில் தவறே இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைப் பதிவுசெய்த நாங்கள் கேட்டிருந்தால், அது அந்த இடத்தில் வந்திருக்காது.

அதற்குப் பிறகு பெரியவர் எங்களோடு பேச மறுத்தார். ரயில்வே கதை கேட்டால் பேரனிடம்கூட “அதெல்லாம் வேணாம்பா” என்று சொல்லிவிடுகிறார் என்று மருமகள் போனில் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒலியைத் திரும்பக் கேட்டபோது

“நான் சொல்லலியே” என்றாரே, அதனால் தட்டச்சை ஒதுக்கிவிட்டு ஒலிப்பதிவை முதலிலிருந்து கேட்டேன். அதே பகுதி அவர் வாயில் இப்படி இருந்தது:

“சின்ன ரயிலு மெதுவாத்தான் ஓடுமாம். மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சா நாங்க மம்புட்டி எடுத்துகினு வண்டிக்கு முன்னால நடப்போம். கடைசில ரயிலைப் பேத்துடுங்கன்னு உத்தரவாம். போட்டவங்க கையாலயே பேத்தாங்களாம்.”

ஓடுமாம். உத்தரவாம். பேத்தாங்களாம். தான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டது என்பதை அவர் நான்கு வாக்கியங்களில் மூன்றின் கடைசியில் சொல்லியிருக்கிறார். தமிழில் அதற்கு ஓர் உயிரெழுத்தும் ஒரு மெய்யும் போதும். பேச்சு வழக்கை ‘நல்ல தமிழாக’ மாற்றும்போது அந்த ‘ஆம்’ எல்லாம் உதிர்ந்துவிட்டது. ‘நாங்க நடப்போம்’ என்று தொடங்கி ‘பேத்தாங்களாம்’ என்று முடிந்தது மாணவிக்குப் பேச்சுத் தடுமாற்றமாகத் தெரிந்திருக்கிறது. இலக்கணம் பொருந்த வேண்டும் என்று ‘பெயர்த்தோம்’ ஆக்கிவிட்டாள். “படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுத்துத் தமிழ்ல போடும்மா” என்று சொன்னது நான். திருத்தியதைப் படித்து ஒப்புதல் கொடுத்ததும் நான். பிழை என்னுடையது.

மீதி இருந்தது அந்த ‘நாங்க’. அதையும் எல்லா அமர்வுகளிலும் தேடிக் கேட்டோம். மீட்டர் கேஜ் கதைகளில் அவர் ‘நான்’ என்கிறார்: நான் ஓடுனேன், நான் கட்டுனேன், நான் பார்த்தேன். சின்ன ரயிலைப் பற்றிய பேச்சில் ஓர் இடத்தில்கூட ‘நான்’ வரவில்லை. அங்கே வருவதெல்லாம் ‘நாங்க’தான். ‘நாங்க அந்தக் காலத்துல ஏரிப்பாசனம் பண்ணவங்க’ என்று ஒருவர் சொன்னால் அவரே மடை திறந்தார் என்று நாம் எடுத்துக்கொள்வதில்லை. குடும்பத்தைச் சொல்கிறார் என்று கேட்கிற எவருக்கும் தெரியும். அவர் சொன்னதும் அந்த ‘நாங்க’தான் என்று எனக்குப் பட்டது. ஆனால் மறுபடியும் நானாக முடிவு செய்யக் கூடாது, அவரிடமே கேட்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

பலகையை அன்றே எடுத்துவிட்டோம். சின்ன ரயில் பகுதியைப் பதிவிலிருந்தே நீக்கிவிடலாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள், சர்ச்சை எதற்கு என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பாதையில் மண்வெட்டி பிடித்தவர்களின் பேச்சு வேறு எங்கே கிடைக்கும்? அவர்களுடைய பிள்ளை வழியாக வந்தால் அது இரண்டாம் கைச் சாட்சி, அவ்வளவுதான். அப்படி என்று குறித்து வைத்தால் அதற்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு. நீக்கினால், அவர் பொய் சொன்னார் என்று நாங்களும் ஒத்துக்கொண்டதாக ஆகும்.

எதையும் பதிவுசெய்வதில்லை என்ற முடிவோடு நானும் தட்டச்சு செய்த மாணவியும் மட்டும் வீட்டுக்குப் போனோம். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் மகன் வரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு, ஒலிப்பதிவை அவருக்கே போட்டுக் காட்டினோம். ‘பேத்தாங்களாம்’ வந்த இடத்தில் மகனைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியாடா? ஆம்னுதான் சொல்லியிருக்கேன்,” என்றார்.

“தப்பு எங்க மேலதான் தாத்தா,” என்றாள் மாணவி. “நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்,” என்று காபி கொண்டுவரச் சொன்னார்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “இதையெல்லாம் உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?”

அப்பா. சின்ன ரயிலில் கேங்மேனாக இருந்தவர். பாதை போனதும், அதே கம்பெனியின் மீட்டர் கேஜ் பக்கம் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் குடும்பம் கண்ணமங்கலம் வந்தது. குவார்ட்டர்ஸ் திண்ணையில் ராத்திரி அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். 2006-ல் ஓய்வுபெற்று, பிறகு மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது அதைப் பார்க்கப் போய் நின்றிருக்கிறார். “எங்கப்பா சொன்னது அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது டீச்சர். அதுக்கப்புறம் ரெண்டும் ஒண்ணாத்தான் ஞாபகம் வருது.”

கதவுக் கம்பி

அன்று கிளம்பும்போது பேரனைக் கூப்பிட்டு, “பின்கட்டுக் கதவுக் கம்பியை எடுத்துகினு வா,” என்றார். இரவில் கதவுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பி. பல வருட எண்ணெயும் கையும் பட்டுக் கறுத்திருந்தது. இரண்டு முனைக்கும் கொஞ்சம் உள்ளே, கீழ்நோக்கி இரண்டு கட்டை மூக்குகள். ஒரு மூக்கின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

“கேஜ் கம்பி. எங்கப்பாவோடது.”

தண்டவாளங்களின் நடுவே வைத்து அகலம் சரியா என்று பார்க்கும் கருவி அது. மீட்டர் கேஜ் கம்பியானால் மூக்குகளின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல் டேப்பை வாங்கி அளந்தோம். 76 சென்டிமீட்டர், ஒரு நூல் கூட. இரண்டரை அடி என்பது 76.2.

அளவு எடுத்தபோது என் கை நடுங்கியது. இருந்தாலும் பதிவில் நிதானமாகவே எழுதினோம். இந்தக் கம்பி இரண்டரை அடிப் பாதைக்கு உரியது என்பது உறுதி. மொரப்பூர்–ஓசூர் பாதையும் அதே அகலம்தான் என்பதால், திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையில் பயன்பட்டது என்பதற்குப் பெரியவரின் சொல் மட்டுமே ஆதாரம். அப்பாவின் பணித்தாள் எதுவும் குடும்பத்தில் இல்லை.

அதன் பிறகு

எல்லா அமர்வுகளையும் மறுபடி தட்டச்சு செய்தோம். இந்த முறை அவர் பேசியபடியே: ‘கினு’வும் ‘இன்னா’வும் ‘ஆம்’மும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எழுத்துத் தமிழ் வடிவம் தேவைப்பட்டால் தனியாகத் தயாரித்து, பேச்சு வடிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இன்னொருவர் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே போகிறது. ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் ‘செய்தது’, ‘பார்த்தது’, ‘கேட்டது’ என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கிறோம். கேட்டது என்றால் யாரிடம் என்றும். பேசியவரின் பிறந்த ஆண்டும் பாதையின் ஆண்டுகளும் முதல் தாளிலேயே ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. பொதுவில் வைக்கும் எதையும் பேசியவருக்கு முன்கூட்டியே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறோம். இதை முதலிலேயே செய்திருந்தால் கண்ணாடி இல்லாமல் பலகை முன்னால் அவர் நின்றிருக்க வேண்டியதில்லை. இன்னும் தீராத குறை ஒன்று உண்டு: படிக்கட்டில் உட்கார்ந்து அவர் பேசிய முதல் பேச்சு எங்களிடம் இல்லை. மறுபடி கேட்டபோது சுருக்கமாகச் சொன்னார், அந்த ஓட்டம் வரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமாகவே பெரியவர் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாதையில், வழி காலி என்பதற்கு அடையாளமான டோக்கன் டிரைவர் கையில் இல்லாமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. அந்த டோக்கன் பந்தைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் இன்ஜினுக்கு நீட்டுவதில் தவறி விழுந்த கதைகளை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடியது. இந்த முறை இருவரிடமும் கேட்டுவிட்டுப் பதிவுசெய்தோம்.

கம்பியை ஒரு காட்சிக்கூடத்தில் பத்திரமாக வைக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “ராத்திரிக்கு கதவுக்கு இன்னா போடறது?” என்றார். எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளவு குறித்து, எடை போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பேரன் அதைக் கொண்டுபோய்ப் பின்கட்டுக் கதவில் மாட்டினான்.